பெஞ்சை ஒட்டியது நான்

எஸ்தர்,

பாடகர் குழுவின் பெஞ்சு உடைந்தது உன் வேலையால் அல்ல. அதன் கால்களை ஒட்டியது நான். நீ கல்லூரிக்குப் போயிருந்த நேரத்தில், நீ வேண்டாம் என்று சொன்ன பசையை எடுத்து, துளையில் செருகுவதற்காக நீ செதுக்கி வைத்திருந்த கழுந்து முனைகளைச் சீவிக் குறைத்து, நானே ஒட்டினேன். அது உடைந்து ரோஸ் டீச்சரின் மணிக்கட்டு முறிந்தபோது, சபை மொத்தமும் கேட்கும்படி, "பொண்ணு ஒட்டினது" என்று சொன்னேன். இதை உனக்குத் தெரிவிப்பதற்காக எழுதவில்லை. உனக்கு அன்றே தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு நீ வேலைக்கு என்று சென்னைக்குப் போய்விட்டாய். போனில் மழையைப் பற்றியும் அம்மாவின் சர்க்கரையைப் பற்றியும் பேசினோம். சுற்றி வளைத்து இந்த இடத்துக்கு வந்தால் வழியில் எங்காவது நின்றுவிடுவேன் என்று பயந்து முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

இத்தனை வருடம் கழித்து இப்போது ஏன் என்று நீ கேட்கலாம். போன வாரம் நானும் அம்மாவும் வேலூருக்கு, மாப்பிள்ளை ஸ்டீபன் வீட்டுக்குப் போயிருந்தோம். கல்யாணத்துக்கு நாம் கொடுக்க வேண்டிய கட்டில், பீரோ பற்றிப் பேசத்தான். நல்ல வேங்கை மரத்தில் கட்டில் செய்யச் சொல்லலாம் என்று நான் ஆரம்பித்தேன். ஸ்டீபன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. மரக்கட்டில் வேணாம்னு எஸ்தர் சொல்லிட்டாங்க. கட்டில், டேபிள், சேர் எல்லாமே இரும்புலயே பாத்துக்கலாம்னாங்க. அவங்களுக்கு மரம்னாலே ஆகாது போல." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது. நீ அவனிடம்கூடச் சொல்லவில்லை என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. "அப்டியாப்பா, சரி" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "நம்ம சர்ச்சுல வேணாம், கல்யாணத்த வேலூர்லயே வெச்சுக்கலாம்னு பொண்ணு ஏன் சொல்றா, தெரியுதா உங்களுக்கு?" தெரியும் என்றேன். "தெரிஞ்சா சரி," என்றாள். ஆம்பூரில் இறங்கி வீட்டுக்கு நடந்தோம். என் ஷூ தொழிற்சாலை வாசலில் கிடக்கும் உடைந்த பேக்கிங் பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, ஆணி பிடுங்கி, பலகையை மோந்து பார்த்து, "இது மாமரம்ப்பா, இது இன்னான்னு தெர்ல" என்று சொன்ன பெண்ணுக்கு மரமே ஆகாது என்று இன்னொரு வீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தேன்.

அந்தத் தச்சு வேலை சிடிக்களை வாங்கியது நான் என்பதை முதலில் எழுத வேண்டும். உனக்காக வாங்கவில்லை, எனக்காகத்தான் வாங்கினேன். கண் மங்குகிறது என்று சொல்லி என்னைக் கட்டிங்கிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்த வருடம் அது. ஒரு தோலை விரித்துப் போட்டால் எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பக்கம் நிற்கும், எந்த இடத்தில் உண்ணி கடித்த தழும்பு ஒளிந்திருக்கிறது என்று கையால் தடவியே சொல்கிறவனை, நூல்கண்டும் பக்கிளும் எண்ணிக் கொடுக்கச் சொன்னார்கள். அது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அந்த ஆத்திரத்தில்தான் வேலூர்ப் பொருட்காட்சியில், கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில், அந்தப் பெட்டியைப் பார்த்தேன். வீட்டிலிருந்தபடியே தச்சு வேலை கற்றுக்கொள்ள நாலு சிடி. அட்டையில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் இழைப்புளியோடு நின்றான். ஆர்மோனியமும் மோட்டார் வைண்டிங்கும் நான் யாரிடமும் கைகட்டி நின்று கற்கவில்லை. இதையும் அப்படியே கற்றுவிடலாம் என்று நினைத்தேன். உன் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. ஒரு ஆசாரியிடம் போய் நின்று, எட்டாவதுதான் படித்தவன் நான், எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்காமல் வேலை தெரிந்துகொள்ள ஒரு வழி கிடைத்தது என்றுதான் எனக்குப் பட்டது.

முதல் நாள் உனக்கு நினைவிருக்கும். சிடியைப் போட்டதும் அது பெயரைக் கேட்டது. என் பெயரை அடிக்கச் சொன்னேன். திரையில் பட்டறை ஒன்று வந்தது. சுவரில் மாட்டிய ரம்பத்தின்மேல் அம்புக்குறியை வைத்து அமுக்கினால் அது அறுக்கிற சத்தம் வரும். உளியை அமுக்கினால் தட்டுகிற சத்தம். அம்மா அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "வீட்டுக்குள்ளயேவா அறுக்கறீங்க?" என்று கேட்டாள். பாடம் முழுக்க ஆங்கிலம். நீ பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னாய். ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் கேள்வி வரும். பதில் சரியாக இருந்தால்தான் அடுத்த பாடம் திறக்கும். நான் ஒன்றை அமுக்கினேன். பாத்திரம் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்தத் தாடிக்காரன், "ட்ரை அகெய்ன்" என்றான். இன்னொன்றை அமுக்கினேன். மறுபடியும் "ட்ரை அகெய்ன்."

"இன்னா சொல்றான் இவன்?"

"திருப்பி முயற்சி பண்ணுங்கன்னு சொல்றாருப்பா."

"இவன் யாரு என்னைத் திருப்பிச் செய்யச் சொல்றதுக்கு?"

"ஐயோ அப்பா, அது எல்லாருக்கும் அப்டித்தான் சொல்லும். ஆயர் வந்து உக்காந்தாலும் அதேதான் சொல்லும்."

"அப்ப ஆயரக் கூட்டியாந்து உக்கார வை. நான் எழுந்துக்கறேன்."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஒரு மிஷின், அதுவும் என் வீட்டிலேயே, என் பெண்ணுக்கு எதிரே, எனக்குத் தெரியாது என்று சத்தம் போட்டுச் சொல்கிறது. அன்றிலிருந்து பாடத்தைப் பார்ப்பது நான், கேள்விக்குப் பதில் அமுக்குவது நீ என்று ஆயிற்று. பாடத்தையும் நான் முழுதாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அறுப்பதும் இழைப்பதும் வந்தால் பார்ப்பேன். மரம் காய்வது, பசை காய்வது, அளவு குறிப்பது வந்தால், "இதெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான், தள்ளு" என்பேன். நீ தள்ளவில்லை. நான் எழுந்து போன பிறகு உட்கார்ந்து முழுதும் பார்த்தாய். நாலு சிடியும் முடிந்தபோது அது ஒரு சான்றிதழ் கொடுத்தது. பஜாரில் பிரிண்ட் எடுத்து, கண்ணாடி போட்டு, கூடத்தில் மாட்டினேன். அதில் இருந்தது என் பெயர். ஒரு கேள்விக்குக்கூட நான் சரியான பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டு என்னைப் பாராட்டினார்கள். அவர்களுக்கு நீ டீ கொண்டு வந்து கொடுத்தாய்.

ஆனால் கை உனக்குத்தான் வந்தது. நான் அறுத்தால் கோடு ஒரு பக்கம், ரம்பம் ஒரு பக்கம். தோல் வெட்டுகிற கைக்குக் கத்தியைத் தன் பக்கம் இழுத்துத்தான் பழக்கம், ரம்பத்துக்கு முன்னே தள்ளிப் பழக வேண்டும். நீ ஒரு முக்காலி செய்தாய். அம்மா அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அடுத்து ஒரு புத்தக அலமாரி. அதைப் பார்த்துவிட்டுத்தான் சபைச் செயலாளர் சாமுவேல் சார், பாடகர் குழுவுக்கு ஒரு பெஞ்சு செய்து தரச் சொன்னார். அது சரியாக வந்தால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டிய குட்டிப் பெஞ்சுகள் எல்லாவற்றையும் நம் வீட்டுக்கே கொடுப்பதாகப் பேச்சு. என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னார், சான்றிதழ் என் பெயரில் இருக்கிறதே. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது உன் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. "எல்லாமாப்பா? குட்டிப் பெஞ்சு எல்லாமே நாமளா?" என்று கேட்டாய். பி.காம் முடித்ததும் பெங்களூரில் மரச்சாமான் வேலைக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, இந்தப் பெஞ்சுகளைப் போட்டோ பிடித்து அனுப்பினால் அங்கே இடம் கிடைக்கும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னாய். அதுவரை நான் அதை ஒரு பொழுதுபோக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெஞ்சின் பாகங்களை எல்லாம் நீ செய்து முடித்தாய். வேப்பம் பலகை. கால்களின் தலையில் கழுந்து செதுக்கி, பலகையில் துளை எடுத்து, பசை இல்லாமல் பொருத்திப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தாய். சனிக்கிழமை வெள்ளைக் கோந்து போட்டு, கிளாம்ப் மாட்டி இறுக்கி, அடுத்த வாரம்தான் எடுக்க வேண்டும் என்றாய். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறுப்பின் பண்டிகை, விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டு வருகிற நாள். கலவை, நெமிலி ஊர்களிலிருந்துகூட உறவுக்காரர்கள் வருவார்கள். அன்றைக்கு அந்தப் பெஞ்சு கோயிலில் இருந்தாக வேண்டும் என்று நான் சாமுவேல் சாரிடம் வாய் விட்டுவிட்டேன்.

"ஒட்டறதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ நேரம்? ஷூவுக்கு சோல் ஒட்டற சொல்யூஷன் இருக்குது. ரெண்டு பக்கமும் தடவி, காய விட்டு, ஒரு அமுக்கு. முடிஞ்சுது."

"அது மரத்துக்கு ஆகாதுப்பா. ரப்பர் மாதிரி இழுத்துக்கினே இருக்கும். பாரம் ஏறினா நகரும்."

"ஒரு ஆள் முழுப் பாரத்தையும் தாங்கிக்கினு வருசக்கணக்கா ரோட்டுல நடக்குது அந்த சொல்யூஷன். பெஞ்சு நடக்கக்கூட இல்ல, சும்மா நிக்கப் போவுது. அதத் தாங்காதா?"

"ஷூவு வளையணும்ப்பா. பெஞ்சு வளையக் கூடாது."

இந்த பதிலில் இருந்த நியாயம் எனக்கு அப்போதே உறைத்தது. உறைத்ததால்தான் கோபம் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. நீ கல்லூரிக்குப் போனதும், சோல் ஒட்டும் பிரிவில் வேலை செய்யும் ஜாபர் பாயிடம் போய் ஒரு டப்பா சொல்யூஷன் வாங்கினேன். அவரும் கேட்டார்: "இன்னா மாஸ்டர், பெஞ்சுக்கும் சோல் ஒட்டப் போறீங்களா?" தமாஷாகத்தான் கேட்டார். வீட்டுக்கு வந்து தடவினேன். அந்தப் பசை தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். கழுந்து துளைக்குள் பாதி போனதும் நின்றுவிட்டது. தட்டினேன், போகவில்லை. பிடுங்கி எடுத்து, தோல் சீவும் கத்தியால் நீ செதுக்கிய கழுந்துகளை நாலு பக்கமும் சீவினேன். மறுபடி தடவிச் செருகினேன். இப்போது சுலபமாகப் போயிற்று. சுலபமாகப் போனதே தப்பு என்று எந்த மர வேலைக்காரனுக்கும் தெரிந்திருக்கும். நான் தோல் வேலைக்காரன். சீவி மெலிதாக்கி ஒட்டினால்தான் தையல் அழகாக விழும் என்று பழகியவன். பெஞ்சு நின்றது. ஏறி உட்கார்ந்து பார்த்தேன், தாங்கியது. நீ வந்து பார்த்தாய். குனிந்து காலடியை மோந்தாய். "அப்பா, இதப் பிரிச்சிடலாம்ப்பா," என்றாய். "கையக் கால வெச்சியோ..." என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

பண்டிகையன்று பாடகர் குழு முதல் பாட்டைப் பாடி முடித்து உட்கார்ந்தது. ஓரத்துக் கால் வெளியே சறுக்கியது. அந்தப் பக்கம் இருந்த ரோஸ் டீச்சர் கையை ஊன்றிக்கொண்டு தரையில் விழுந்தார். உனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர், ஆராதனைக்கு ஆர்கன் வாசிப்பவர். நீ ஓடிப் போய் உன் துப்பட்டாவால் அவர் கையைச் சுற்றினாய். சாமுவேல் சார் பெஞ்சைக் கவிழ்த்தார், காலைப் பிடித்து இழுத்தார். சொல்யூஷன் ஜவ்வு மாதிரி நூல் நூலாக வந்தது. ஆம்பூரில் அந்த வாசனை தெரியாத மூக்கு கிடையாது.

"இது ஷூ சொல்யூஷனாச்சே. யாரு ஒட்டினது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே ஏலத்துக்கு வைத்திருந்த பூசணிக்காய்களும் கோழிகளும் எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தன. நான் சொன்னேன்: "பொண்ணு ஒட்டினது சார். நான் வீட்ல இல்லாத நேரத்துல எடுத்து ஒட்டிட்டா. பொம்பளப் புள்ள, வேணாம்னுதான் சொன்னேன்."

அந்தப் பொய்யை அவர்கள் நம்புவதற்கு நான் ஒரு கஷ்டமும் படவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை அவமானம். தோல் தொழிற்சாலையில் காலம் போட்டவன் ஒருவன், காமர்ஸ் படிக்கும் பெண் ஒருத்தி. இருவரில் ஷூ பசையை எடுத்து ஒட்டியிருக்கக்கூடியவர் யார் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. நீ பெண் என்பதே போதுமாக இருந்தது. அது போதுமாக இருக்கும் என்று தெரிந்துதான் நான் அதைச் சொன்னேன். வாய் தவறி வந்தது என்று அம்மாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். தவறி வரவில்லை. "சிடி பாத்தா தச்சு வேல கத்துக்கிச்சு பொண்ணு?" என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அன்று மாலைக்குள் உனக்கு "சிடி ஆசாரி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட அப்படிக் கூப்பிட்டதுகள். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய், டீச்சரின் கையை விடாமல். 

குட்டிப் பெஞ்சு வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. நீ அதற்காக ஏற்கெனவே அறுத்து இழைத்து அடுக்கி வைத்திருந்த பலகைகள் கூடத்தில் இருந்தன. நான் அவற்றைப் பார்க்காத மாதிரி நடந்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் கொல்லையில் சத்தம் கேட்டது. நீ அந்தப் பலகைகளைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாய். கோபத்தில் பிளக்கிறவள் எப்படியும் பிளப்பாள். நீ அவசரமில்லாமல், மரத்தின் ரேகை போகிற வழியிலேயே, ஒழுங்காகப் பிளந்தாய். அந்தத் தண்ணீரில் நான் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். அதற்கடுத்த நாட்களிலும் போனேன். பலகை தீரும்வரை அந்த வெந்நீர் வந்துகொண்டிருந்தது. பெங்களூர்ப் பேச்சை நீ அதன் பிறகு எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ அன்றே எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும் என்று பல வருடம் உன்மேல் கோபமாகக்கூட இருந்தேன். என்னைக் காப்பாற்றிவிட்டாய் என்பதைத் தாங்க முடியாமல் வந்த கோபம். ஜாபர் பாய்தான் முகத்துக்கு நேரே கேட்டார்: "மாஸ்டர், டப்பா குடுத்தது நானு. உங்க கையில குடுத்தேன். பொண்ணு மேல போட்டீங்களே, ஞாயமா இது?" உங்க வேலையைப் பாருங்க பாய் என்றேன். அவர் தன் வேலையைத்தான் பார்த்தார். ரம்ஜானுக்கு நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிரியாணி நின்றுபோனது. உன்னிடம் மட்டும் வழியில் பார்த்தால் பேசினார் என்று கேள்விப்பட்டேன்.

வேலூரிலிருந்து திரும்பிய மறுநாள் அலமாரிமேல் இருந்த சிடிப் பெட்டியை இறக்கினேன். பழைய கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, எழுந்து நிற்க நேரம் பிடிக்கிறது, என்னைப்போல. பசைப் பாடத்தைப் போட்டேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, முழுதும் பார்த்தேன். பிறகு கேள்விகள் வந்தன. நானே அமுக்கினேன். "ட்ரை அகெய்ன்" என்றான் தாடிக்காரன். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசிக் கேள்வியில் சில படங்கள். உட்காரும் சாமானின் மூட்டுக்கு இவற்றில் எதை வைக்கக் கூடாது என்று கேட்கிறது. அதில் ஒரு டப்பா இருக்கிறது எஸ்தர். ஜாபர் பாய் கொடுத்தது போன்ற டப்பா. அந்தக் கேள்விக்கு அன்று அந்த டப்பாவின்மேல் அம்புக்குறியை வைத்துச் சரியாக அமுக்கியவள் நீ. நான் எழுந்து போகிற போக்கில், சீக்கிரம் அமுக்கு, டிவில செய்தி போடப் போறான் என்று சொல்லியிருப்பேன். அந்தச் சரியான பதிலையும் சேர்த்துத்தான் என் பெயரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன்.

உடனே ஒரு முடிவு எடுத்தேன். கல்யாணம் வேலூரில் நடந்தாலும் கல்யாண அறிவிப்பான ஓலையை இரண்டு சபையிலும் வாசித்தாக வேண்டும். இங்கே ஆயர் ஓலையை வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்கும்போது எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அம்மாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஓல வாசிக்கறப்ப பொண்ணப் பெத்தவரே எழுந்து நின்னா ஜனங்க இன்னா நெனைக்கும்? பொண்ணு மேல ஏதோ குத்தம்னுதான் நெனைக்கும். நீங்க வாயத் தொறக்கறதுக்குள்ள வேலூருக்கு போன் போயிடும். அவளக் கேட்டீங்களா?"

"உண்மையச் சொல்றதுக்கு எதுக்குக் கேக்கணும்?"

"அன்னிக்கும் கேக்காமத்தான் ஒட்டனீங்க."

  நீ இல்லாத நேரத்தில் உன் வேலையை என் அவசரத்துக்கு முடிப்பதுதான் நான் செய்த தப்பின் வேர். பொய் அதற்குப் பிறகு வந்தது. உண்மையைச் சொல்லும்போதும் அதையேதான் செய்யப் பார்த்தேன். ஆகவே இந்த முறை கேட்கிறேன், காத்திருக்கிறேன். ஆனால் உன்னைக் கேட்காமல் ஒன்று செய்வேன். ரோஸ் டீச்சரிடமும் சாமுவேல் சாரிடமும் சொல்லிவிடுவேன். டீச்சரின் மணிக்கட்டு கோணலாகக் கூடி, ஆர்கன் பக்கமே அவர் போகாமல் போனதற்கு நான் பொறுப்பு. அதை அவரிடம் சொல்ல உன் அனுமதி தேவையில்லை. சாமுவேல் சாரிடம் போவது எனக்குக் கசப்புதான். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் வேலையைப் பிடுங்கினது சபைக் கமிட்டி செய்த தப்பு, அதையும் அதே மூச்சில் அவருக்குச் சொல்வேன். என் தப்பு அவர்கள் தப்பைக் கழுவாது.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி இந்த விஷயத்தில் எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. உன் வேலையில் உன்னைக் கேட்காமல் யார் கை வைத்தாலும், அது ஸ்டீபனாகவே இருந்தாலும், முதல் நாளே சத்தமாகச் சொல்லிவிடு. எனக்கு விட்டுக்கொடுத்த மாதிரி இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்காதே. விட்டுக்கொடுத்தால் எதிராளி திருந்திவிடுவான் என்பது உண்மையில்லை. நான் திருந்த எத்தனை காலம் ஆயிற்று என்று நீயே பார். என்னை மன்னித்துவிடு என்று இந்தக் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை, தேடாதே. அது கேட்டு வாங்குகிற சாமான் இல்லை.

இனி ஆக வேண்டியவை. ரோஸ் டீச்சர் வீட்டுக்கு இந்த வியாழக்கிழமை நான் போகிறேன், அம்மா என்னோடு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், தனியாகத்தான் போக வேண்டும். அங்கிருந்து நேராக சாமுவேல் சார் வீட்டுக்கு நான் போகிறேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளாக இருந்து உன்னைப் பெயர் வைத்துக் கூப்பிட்டவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள், அவர்கள் காதுக்கு இதைக் கொண்டு சேர்ப்பது சாமுவேல் சார் பொறுப்பு, அதை அவரிடம் கேட்டு வாங்குவேன். ஜாபர் பாய் வீட்டுக்குப் போய்க் கல்யாணப் பத்திரிகையை முதலில் வைக்க வேண்டியது நானும் அம்மாவும், அவர் கதவைச் சாத்தினால் மறுநாளும் போக வேண்டியது நான். சான்றிதழைக் கண்ணாடியிலிருந்து பிரித்து உன்னிடம் சேர்க்க வேண்டியது நான், அதை வைத்துக்கொள்வதோ வெந்நீர் அடுப்பில் போடுவதோ நீ. ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் நான் எழுந்து சொல்லலாமா, வேண்டாமா, இந்தக் கடிதத்தையே யாராவது வாசிக்கலாமா என்று சொல்ல வேண்டியது நீ. ஸ்டீபன் கையில் கொடுத்தனுப்புகிறேன், கவரை ஒட்டவில்லை, அவன் படிக்கலாமா என்று சொல்ல வேண்டியதும் நீ. கல்யாணம் எந்தக் கோயிலில் என்பது நீ. கட்டில் இரும்பா மரமா என்பது நீ, இரும்பு என்றால் இரும்பே வாங்க வேண்டியது நான், ஏன் என்று கேட்காமல். உன் ரம்பத்தையும் உளிகளையும் அம்மா எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றித் தன் பெட்டியில் வைத்திருக்கிறாள், எனக்கே போன வாரம்தான் தெரியும், அதை எடுத்துத் தர வேண்டியது அம்மா. கோயிலிலிருந்து திரும்பி வந்த அந்தப் பெஞ்சு நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அப்படியே கிடக்கிறது. காய்ந்த சொல்யூஷனைச் சுரண்டி எடுக்க வேண்டியது நான், எடுத்துக்கொண்டிருக்கிறேன். சீவிக் கெட்டுப்போன கால்களுக்குப் பதில் புதுக் கால்கள் செதுக்குவதா, அது கிடக்கட்டுமா என்பது நீ. செதுக்குவதாக இருந்தால் கோந்து வைப்பது நீ, கிளாம்ப்பைப் பிடிப்பது நான், போதும் விடுங்கப்பா என்று சொல்ல வேண்டியது நீ.

அப்பா